ஆர்கன் கலைஞர் இசைக்குழுவை நடத்தும்போது

கேள்வி: கார்ல் ரிக்டரைச் சிலர் ஆர்கன் கலைஞர் என்கிறார்கள், சிலர் இசை நடத்துநர் என்கிறார்கள். எதைச் சொல்வது?

பதில்: இரண்டையும் சொல்லலாம். ஆனால் குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் தேவாலயக் கருவியான ஆர்கன்தான் முதலில் வந்தது. ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள பிளாவென் ஊரில், 1926 அக்டோபர் 15 அன்று ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். டிரெஸ்டனில் சிறுவர் பாடகர் குழுவில் பாடினார். பிறகு லைப்சிக்கில் கார்ல் ஸ்ட்ரௌப, குந்தர் ராமின் இருவரிடமும் கற்றார். இவர்கள் இருவரும் அங்குள்ள புனித தோமா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, பின்னர் அங்கேயே பாடகர் குழுத் தலைவர்களாகவும் ஆனவர்கள். அதே தேவாலயத்தின் ஆர்கன் இருக்கை 1949-இல் ரிக்டருக்குக் கிடைத்தது. 1951-இல் மியூனிக் போனார். அங்கே, ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியான் பாக்கின் பெயரில் அவர் கட்டி வளர்த்த மியூனிக் பாக் பாடகர் குழுவும் இசைக்குழுவும்தான் அவருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தன. ராமின் 1956-இல் மறைந்தபின் லைப்சிக் தேவாலயப் பாடகர் குழுவின் தலைமைப் பதவிக்கு அழைத்தார்கள், ரிக்டர் போகவில்லை. 1981 பிப்ரவரி 15 அன்று மாரடைப்பால் இறந்தபோது வயது 54.

கேள்வி: ஆர்கன் பயிற்சி நடத்துநருக்கு எந்த வகையில் உதவும்?

பதில்: முதலில் காதுக்கு. பாக்கின் ட்ரியோ சொனாட்டாக்களில் வலக்கை ஒரு குரல், இடக்கை ஒரு குரல், பாதங்கள் பெடலில் மூன்றாம் குரல். ஒவ்வொன்றையும் தனியாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றையும் சேர்த்துப் பழக வேண்டும். அதன்பின் ஒரு குரலை வாயால் பாடி, மற்ற இரண்டை வாசிக்க வேண்டும். இப்படிப் பழகியவருக்குப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (மேல்குரலுக்கு அடுத்த உட்குரல்) தடுமாறினால் உடனே தெரியும். அடிக்குரல் எப்போதும் காலடியிலேயே இருக்கும்.

இன்னொன்று, அழுத்தம் பற்றியது. ஆர்கனில் கட்டையை ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒலியின் அளவு ஒன்றே. விரல் எடுக்கும்வரை அது குறையாது. ஆகவே ஒரு சுரத்தை எடுப்பாகக் காட்ட, அதற்கு முந்தைய சுரத்தைச் சற்றுச் சீக்கிரம் விட்டு இடைவெளி கொடுக்கிறார்கள். ரிக்டரின் தந்திக் கருவிகள் அவ்வளவு துல்லியமாகப் பிரிந்து கேட்பதில் இந்தப் பழக்கத்தின் சாயல் உண்டு என்பது எங்கள் கருத்து.

ஆபத்தும் இங்கேதான். ஆர்கனுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, பாடகருக்குத் தேவை. ஆர்கனிலிருந்து புதிதாக வருபவர்கள் தொடக்கக் கையசைவில் மூச்சுக்கு இடம் தர மறந்துவிடுவார்கள். நுழைவு கலைந்துபோகும். ஒரு தட்டு முன்னதாக, அதே வேகத்தில், தாமும் மூச்சை இழுத்தபடி கையை உயர்த்தினால் சரியாகும்.

கேள்வி: பாடகர் குழுவோடு சேரும்போது ஆர்கன் பின்தங்கியே கேட்கிறது. வாசிப்பவர் குறையா?

பதில்: பெரும்பாலும் தூரத்தின் குறை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பாடகர்கள் 34 மீட்டர் தள்ளி நின்றால், அவர்கள் குரல் ஆர்கன் மாடத்துக்கு வந்து சேர 0.1 நொடி ஆகும். அதைக் காதால் கேட்டு வாசித்தால், பதில் திரும்பிப் போக இன்னொரு 0.1 நொடி. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டே 0.5 நொடிதான். ஆகவே கண்ணாடியிலோ கேமராத் திரையிலோ நடத்துநரின் கையைப் பார்த்தே வாசிக்க வேண்டும். திரையே தாமதித்துக் காட்டுகிறதா என்பதை முன்கூட்டியே பாருங்கள். இருவரும் சேர்ந்து ஒலிக்கிறார்களா என்பதை அரங்கின் நடுவில் நிற்கும் ஒருவரே சொல்ல முடியும்.

சுருதியையும் கவனியுங்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆர்கனின் சாதாரணக் குழாய்கள் ஏறக்குறைய 3 சென்ட் உயரும் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்). ரீட் குழாய்கள் (உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பவை) அவ்வளவு நகராது. ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் 5 டிகிரி வேறுபாடு இருந்தால் 15 சென்ட். ஓபோ என்ற ஊதுகருவியை வாசிப்பவருக்கு அது பெரிய தொல்லை. நிகழ்ச்சியன்று இருக்கும் அதே வெப்பத்தில் சுருதி சேர்த்து, கருவிகள் ஆர்கனைப் பின்பற்றட்டும்.

கேள்வி: பாக்கின் ‘மத்தேயு திருப்பாடுகள்’ படைப்பை ரிக்டர் நடத்திய இசைப்பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம்?

பதில்: 1958 பதிவு. கதையைச் சொல்லும் நற்செய்தியாளராக எர்ன்ஸ்ட் ஹெஃப்லிகர் பாடுகிறார். டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்காவ் பாஸ் (ஆண்களின் தாழ்குரல்) தனிப்பாடல்களைப் பாடுகிறார். 1979 பதிவில் நற்செய்தியாளர் பீட்டர் ஷ்ரையர். இயேசுவாகப் பாடுபவர் ஃபிஷர்-டீஸ்காவ். பிந்தையது கனமானது, முந்தையதன் உந்துதல் அதில் இல்லை. பெரிய குழு, நவீன கருவிகள் என்று பழங்காலக் கருவிகளை ஆதரிப்போர் சொல்லும் குறை நியாயமானதே. உட்குரல்கள் சில இடங்களில் மங்குகின்றன. ஆனால் தொடக்கக் கோரஸில் அடிக்குரல் ‘இ’ (E) சுரத்திலேயே திரும்பத் திரும்பத் துடிப்பதையும், இரண்டு குழுக்கள் கேள்வியும் பதிலுமாக மோதுவதையும், அவற்றின்மேல் தனியே ஒரு கீர்த்தனை மெட்டு எழுவதையும் கேளுங்கள். முதல் தடவை அடிக்குரலை மட்டும் பின்தொடருங்கள். மேலே உள்ள மெட்டை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.