தினமும் கடவுச்சொல் கேட்கும் மடிக்கணினி

கேள்வி: மகனுக்காக 850 ரிங்கிட்டுக்குப் பழைய மடிக்கணினி வாங்கினேன். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம் போட்டிருக்கிறது. திறந்தால் நேரே உள்ளே போகிறது, ஆனால் குரோமைத் தொட்டதும் தினமும் கடவுச்சொல் கேட்கிறது. கடைக்காரர் எழுதிக் கொடுத்ததைப் போட்டால் வழிவிடுகிறது. "வைரஸ், சுத்தம் செய்ய 120 ரிங்கிட்" என்கிறார். – வாசகி, செந்தூல்

பதில்: அந்த 120 ரிங்கிட்டைக் கொடுக்காதீர்கள், அம்மா. இது வைரஸ் இல்லை. சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க உபுண்டுவில் 'கீரிங்' என்ற சாவிக்கொத்து உண்டு. நீங்கள் உள்ளே நுழையத் தட்டும் கடவுச்சொல்லே அதையும் திறந்துவிடும். கடைக்காரர் 'ஆட்டோமேட்டிக் லாகின்' போட்டிருக்கிறார். நுழையும்போது நீங்கள் எதையும் தட்டாததால் சாவிக்கொத்து பூட்டியே கிடக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், யூசர்ஸ் என்று போய் அந்த ஆட்டோமேட்டிக் லாகினை நிறுத்துங்கள். தொடக்கத்தில் ஒருமுறை தட்டினால் போதும், அப்புறம் கேட்காது.

அங்கேயே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். சாவிக்கொத்தும் சேர்ந்து மாறும். வேறு யாராவது ரிகவரி முறையில், அதாவது பழைய கடவுச்சொல் இல்லாமலே, மாற்றினால் சாவிக்கொத்து பழைய சொல்லையே கேட்டுக்கொண்டிருக்கும்.

விற்பவர் தன் கடவுச்சொல்லோடு கணினியைக் கைமாற்றும் இந்த வழக்கத்தை என்னால் பொறுக்கவே முடியவில்லை. வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் புக்கிட் பிந்தாங் பக்கம் 900 ரிங்கிட்டுக்கு நானும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து யூஎஸ்பியிலிருந்து புதிதாக உபுண்டு போடப் பார்த்தால், கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸே கடவுச்சொல் கேட்டது. விற்றவர் போனை எடுக்கவில்லை. ரசீதும் என்னிடம் இல்லை. அந்தப் பணம் போயே போய்விட்டது. காசை எண்ணிக் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே புதிதாக உபுண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள். பயாஸுக்குள் நுழைந்தும் காட்டச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: சாவிக்கொத்தின் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டேன், தொல்லை தீர்ந்தது. சரிதானே? – வாசகர், பாயான் பாரு

பதில்: சரியில்லை. கேள்வியோடு பூட்டும் போய்விட்டது, வங்கி வேலை பார்க்கும் கணினியில் வேண்டாம்.

கேள்வி: மலிவு என்று உபுண்டு 18.04 உள்ள கணினியை வாங்கினேன். புதுப்பிப்பே வருவதில்லை. – வாசகர், கிள்ளான்

பதில்: எந்தப் பதிப்பு என்று கடையிலேயே பார்த்திருக்க வேண்டாமா? அதற்கான வழக்கமான ஆதரவு 2023-லேயே முடிந்தது. 24.04 போடுங்கள்.

கேள்வி: ரசீதில் 16 ஜிபி ரேம் என்று இருக்கிறது, கணினியில் 8 தான். கடைக்காரர் "விற்றது விற்றதுதான்" என்று துரத்திவிட்டார். – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மனம் தளராதீர்கள், தங்கச்சி. தவறு உங்களுடையது இல்லை, ரசீதும் உங்கள் கையில் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்க 5 ரிங்கிட்தான் கட்டணம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும் என்றாலும் இந்த வாரமே போங்கள். ரசீதையும் செட்டிங்ஸில் ரேம் அளவு தெரியும் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அதுவரை கணினியை வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள்.