‘தி செஷன்ஸ்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கழுத்துக்குக் கீழே எதையும் அசைக்க முடியாத மார்க் என்ற கவிஞர், 38 வயதில் முதன்முறையாக உடலுறவை அறிய நினைக்கிறார். 2012இல் வந்த ‘தி செஷன்ஸ்’ படத்தின் கதை இதுதான். படத்தைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. எனக்கும் சின்ன வயதில் போலியோ வந்து, காலிபர் (காலைத் தாங்கும் கருவி) போட்டு நடப்பவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

கேள்வி: சரகேட் என்கிறார்களே, வாடகைத் தாய் கதையா?

நாலு பேர் இதையே கேட்டுவிட்டீர்கள். இல்லை. இங்கே சரகேட் என்றால், பாலியல் சிகிச்சையில் துணையின் இடத்தில் இருந்து, வருபவருக்கு அவருடைய உடலோடு பழகக் கற்றுத்தருபவர். மொத்தம் ஆறு சந்திப்புகள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார் சரகேட்டாக வரும் ஷெரில் (ஹெலன் ஹன்ட்).

கேள்வி: காசு வாங்குகிறாரே, அப்புறம் என்ன வித்தியாசம்?

காசு வாங்குவதைப் படம் மறைக்கவில்லை. ஷெரில் வந்ததும் வராததுமாக, பணம் மேஜைமேல் இருக்கிறது என்கிறார் மார்க். பயத்தில் உளறுவதுதான்; அந்தப் பயமே சிரிப்பாகிறது. பாலியல் தொழிலாளிக்கு வாடிக்கையாளர் திரும்ப வரவேண்டும். ஷெரிலுக்கு அவர் வராமல் இருந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

கேள்வி: அசைவே இல்லாதவருக்கு உணர்ச்சி இருக்குமா அண்ணா?

நன்றாகவே இருக்கும் தம்பி. போலியோ கிருமி தாக்குவது தசைகளை இயக்கும் நரம்புகளை. தொடு உணர்வு அப்படியே நிற்கும். முதுகுத் தண்டில் அடிபட்டவர்களின் நிலைமை வேறு. என் காலில் கொசு கடித்தால் சுருக்கென்று தெரியும். காலை உதறத்தான் முடியாது. மார்க்கை இன்னொருவர்தான் துடைத்துக் குளிப்பாட்ட வேண்டும். அந்த நேரத்தில் உடல் தன்பாட்டுக்குக் கிளர்ந்தால் எவ்வளவு கூச்சம்! வெளியே சொல்ல முடியாத அந்தக் கூச்சத்தைத்தான் படம் எடுத்துப் பேசுகிறது. ஒரு காட்சியில் ஷெரில் கண்ணாடியைப் பிடித்து அவர் உடம்பை அவருக்கே காட்டுகிறார். நான் அங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன்.

கேள்வி: ஊனத்தை வைத்து காமெடி செய்வது சரியா?

யார் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளே சந்திப்பு நடக்கிறது. வெளியே விடுதி ஊழியருக்கு ஆர்வம் தாங்கவில்லை. மார்க்கின் உதவியாளர் வேரா முகத்தில் சலனமே இல்லாமல் உள்ளதைச் சொல்கிறார். நெளிபவர் ஊழியர்தான். பாதிரியாரும் அப்படியே. பீடத்துக்கு முன்னால் சக்கரக் கட்டிலில் படுத்தபடி மார்க் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லும்போது அவர் முகம் போகும் போக்கு இருக்கிறதே! (அந்தப் பாதிரியார் படத்துக்காக உருவாக்கிய பாத்திரம்.)

கேள்வி: மற்றதெல்லாம் உண்மையா?

பெரும்பாலும். மார்க் ஓ'பிரையன் 1949இல் பிறந்தவர், ஆறு வயதில் போலியோ, கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் வாழ்ந்தவர். இரவும் பகலில் பெரும்பகுதியும் இரும்பு நுரையீரல் என்ற உருளை வடிவ மூச்சுக் கருவிக்குள்தான். அந்த உருளை காற்றழுத்தத்தைக் குறைத்துக் கூட்டி மார்பை விரித்துச் சுருக்கும். வாயில் கவ்விய குச்சியால் எழுதுவார். 1990இல் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார். படத்துக்கு அடிப்படை அதுதான். 1999இல் இறந்தார். இயக்குநர் பென் லெவினும் போலியோ வந்து ஊன்றுகோலோடு நடப்பவர். கேமராவுக்குப் பின்னால் அப்படி ஒருவர் இருந்ததால்தான் பின்னணி வயலின் நம்மை அழச்சொல்லி நச்சரிக்கவில்லை என்பது என் கணிப்பு.

கேள்வி: குறையே இல்லையா?

உண்டு. மார்க்காக நடித்த ஜான் ஹாக்ஸ் மாற்றுத்திறனாளி அல்ல. முதுகுக்கு அடியில் ஸ்பான்ஜ் பந்து வைத்துப் படுத்து உடம்பை வளைத்தார். பிரமாதமான நடிப்பு, ஆனாலும் வாய்ப்பு மறுபடி நம்மவர்களுக்கு இல்லை. இந்தியில் ஷோனாலி போஸ் எடுத்த ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’விலும் (2014) இதே குறைதான். பெருமூளை வாதம் உள்ள பெண்ணாகக் கல்கி கேக்லான் அசத்தியிருப்பார். அவரும் மாற்றுத்திறனாளி இல்லை.

கேள்வி: வீட்டில் எல்லோரோடும் பார்க்கலாமா சார்?

நிர்வாணக் காட்சிகள் உண்டு, தனியாகப் பாருங்கள். ஆனால் என் போன்றவர்களுக்குத் தனியாக என்பதே பெரிய விஷயம். விழுந்துவிட்டால் யார் தூக்குவது என்று என் அறைக் கதவுக்கு வீட்டில் தாழ்ப்பாளே வைக்கவில்லை. மூன்றாவது சந்திப்பு ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா காபியோடு உள்ளே வந்துவிட்டார்.


“யாருடா அந்தப் பொண்ணு, நர்ஸா?”

“ஆமாம்மா” என்றேன்.