நாமினி பெயர் இருந்தால் பணம் முழுக்க அவருக்கா?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வங்கியில் அவர் போட்டிருந்த எஃப்.டி.க்கு அண்ணன்தான் நாமினி. “எல்லாம் எனக்குத்தான்” என்கிறான். அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றும் கிடையாதா?

உண்டு. நாமினி என்பவர் வங்கியிடம் பணத்தை வாங்கிக்கொள்ள உங்கள் அப்பா கைகாட்டிய ஆள், அவ்வளவுதான். வாங்கியதை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். 2023 டிசம்பரில், கம்பெனிப் பங்குகளுக்கும் அதேதான் என்றது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் நான்கு பங்கு. பலர் பாட்டியை மறந்துவிடுகிறார்கள்.

வங்கி அண்ணனிடம் பணத்தைக் கொடுப்பது தவறில்லை, அதோடு அதன் பொறுப்பு முடிந்தது. உங்கள் வழக்கு அண்ணன் மேல்தான். அவர் செலவழித்துவிடுவார் என்று பயமிருந்தால், பணம் கைமாறும் முன்பே நீதிமன்றத்தில் தடை கேளுங்கள்.

ஆயுள் காப்பீடு மட்டும் கொஞ்சம் வேறு. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணமே அவர்களுக்கு உரியது என்று சட்டம் சொல்கிறது. தம்பியையோ மாமாவையோ நாமினியாகப் போட்டிருந்தால் இது பொருந்தாது. பழையபடி வாங்கிக் கொடுக்கும் ஆள்தான். நெருங்கிய உறவு விஷயத்திலும் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் அப்பா பெயரில் பாலிசி இருந்தால், அதைத் தனியாக வக்கீலிடம் காட்டுங்கள். எஃப்.டி.யோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

இப்போது வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாமாம், சதவீதம் பிரித்து! நல்லது. ஆனால் ‘நாமினி உரிமையாளர் அல்ல’ என்று படிவத்தில் தமிழில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டால் பாதிக் குடும்பச் சண்டை வராதே. அதை மட்டும் செய்ய மாட்டார்கள்.

அப்புறம், வாரிசுச் சான்றிதழ். தாலுகா ஆபீஸ் வாசலில் புரோக்கர் நிற்பார். “பொண்ணுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, பேரை விட்டுடலாம், சீக்கிரம் கிடைக்கும்” என்பார். கல்யாணமானாலும் மகள் வாரிசுதான். இ-சேவை மையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். “சும்மா பேங்க் ஃபார்மாலிட்டி” என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள். பெரும்பாலும் அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகவோ ‘ஆட்சேபணை இல்லை’ கடிதமாகவோ இருக்கும். நகலை வாங்கி வந்து யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.