கேம்பர்வேனில் நாமே அலாரம் பொருத்தினால் பணம் மிச்சமாகுமா?

கேள்வி: பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, அடுப்பு, மின் இணைப்பு எல்லாவற்றையும் நானே அமைத்துக் கேம்பர்வேனாக மாற்றியிருக்கிறேன். சேமிப்பில் பெரும்பகுதி இதில் போய்விட்டது. திருட்டைத் தடுக்க அலாரம் வைக்க விரும்புகிறேன். ஆள் வைத்துப் பொருத்தினால் செலவு பல மடங்காகிறது. நானே பொருத்திக்கொள்ளலாமா? பிரீமியம் குறையுமா?

பதில்: தாராளமாகப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆனால் பிரீமியம் குறையும் என்று நம்பி அந்தச் செலவில் இறங்காதீர்கள். அலாரத்துக்குச் சலுகை தரும் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட கருவியையும், அதைத் தகுதியுள்ளவர் பொருத்தியதற்கான சான்றிதழையும் கேட்கும். விண்ணப்பத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி உள்ளதா?' என்ற வரிக்கு நேரே, நீங்களே பொருத்திய அலாரத்தை மனத்தில் வைத்து 'ஆம்' என்று எழுதிவிட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்த ஒரு சொல்லே உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்.

சலுகை கிடைத்தாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, ஆள் வைத்துப் பொருத்த 100 பங்கு, நீங்களே பொருத்த 30 பங்கு, சலுகை ஆண்டுக்கு 10 பங்கு என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகச் செலவிடும் 70 பங்கு திரும்பி வர 7 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் இந்த வேனை வைத்திருப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருப்பிடம் காட்டும் கருவிக்கு மாதச் சந்தா உண்டென்றால், 5 ஆண்டுகளுக்கு 60 தவணைகள் என்று பெருக்கிப் பார்த்த பிறகே அதை விலை குறைவு என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் அலாரத்தைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. பாலிசியில் இந்த வண்டி இன்னும் வெறும் வேனாகவே பதிவாகியிருந்தால், நீங்கள் செய்த மாற்றங்களுக்கான பணம் திருட்டுக்குப் பிறகு உங்களுக்குத் திரும்பக் கிடைக்காமல் போகலாம். மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்பதையே காரணம் காட்டி மொத்த இழப்பீட்டையும் மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே மாற்றங்களை இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ரசீதுகளையும் வேலையின் ஒவ்வொரு கட்டப் புகைப்படத்தையும் வண்டிக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். மடிக்கணினி, சைக்கிள் போன்ற தனிப் பொருள்களுக்குப் பெரும்பாலும் தனி உச்சவரம்பு இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத செலவு பேட்டரியில் இருக்கிறது. காவலில் இருக்கும் அலாரம் 20 மில்லிஆம்பியர் இழுத்தால், நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), 30 நாட்களில் 14.4 ஆம்பியர்-மணி தீரும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது என்பதால், ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்தச் சிறு கருவி ஒரு மாதத்தில் அந்தப் பாதியில் கால் பங்குக்கு மேல் குடித்துவிடும். சோலார் தகடோ சார்ஜரோ இல்லையென்றால், மிச்சம் பிடித்த கூலி புது பேட்டரிக்கே போய்ச் சேரும். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே, வயருக்கு ஏற்ற அளவில் பியூஸ் வையுங்கள். வண்டியின் சொந்த வயரிங்கைத் தொடாமல் உள்ளறைக்கான தனி பேட்டரியிலிருந்தே இணைப்பு எடுங்கள். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவருக்குத் தரும் கட்டணத்தை நான் வீண் செலவாக எண்ணமாட்டேன்.

வாங்கும்போது கதவுகளுக்கான காந்த சென்சாருக்கு முதலிடம் கொடுங்கள். அசைவை உணரும் சென்சார் மட்டும் இருந்தால், நீங்கள் உள்ளே உறங்கும் இரவில் அதை அணைக்கத்தான் வேண்டியிருக்கும். அடுப்பு வைத்திருப்பதால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், திருட்டு அலாரத்துக்கும் முன்பே அதை வாங்குங்கள்; நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உயிரையே பறிக்கும்.

நீங்களே பொருத்துவதால் மிஞ்சும் தொகையில், முதலில் கதவுகளுக்கு நல்ல கூடுதல் பூட்டுகளும் ஸ்டீயரிங் பூட்டும் வாங்குங்கள். மீதியை, இழப்பீட்டில் உங்கள் பங்காகக் கழிக்கப்படும் தொகை சேரும்வரை தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அலாரத்துக்குப் பணம் கட்டும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நானே பொருத்திய அலாரத்தைப் பாலிசியில் எப்படிக் குறிப்பீர்கள்? ஒருநாள் அதை இயக்க மறந்தால் இழப்பீடு பாதிக்கப்படுமா? இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், அந்த அலாரத்தைப் பாலிசியின் நிபந்தனையாகச் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.