கர்னல் மாட்யூலுக்குச் சொந்தமாக ஒரு மெமரி அலொகேட்டர் எழுதினால் நினைவகம் மிச்சமாகுமா?

பெரும்பாலும் ஆகாது. (கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம், மாட்யூல் அதில் செருகும் துண்டு, அலொகேட்டர் கேட்பவர்களுக்கு மெமரியைப் பிரித்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கோடு.) நான் எழுதிப் பட்டவன், அதனால்தான் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கர்னலிலேயே மெமரி தரும் ஃபங்ஷனைக் காட்டி, 'கே-மாலாக் பொதுவானது, நமக்கென்று ஒன்று வைத்துக்கொள்வோம்' என்று உங்களிடமும் ஒரு சீனியர் சொல்லியிருப்பார்.

எங்களுடையது லினக்ஸ் டிரைவர். 256 எம்பி ரேம், நாலு கோர். இணைப்புக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (அதன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் கட்டு), உச்ச நேரத்தில் 40,000 வரை போகும். அப்போதெல்லாம் மெமரி தீர்ந்து பெட்டி படுத்துவிடும். மூன்று வாரம் உட்கார்ந்து அலொகேட்டர் எழுதினேன், மொத்தத்துக்கும் ஒரே ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டு). நாலு கோரும் அந்த ஒரு பூட்டுக்கு அடித்துக்கொண்டன. கர்னலின் சொந்த அலொகேட்டரான ஸ்லப் (SLUB) சிபியூவுக்கு ஒரு ஃப்ரீலிஸ்ட் (காலி இடங்களின் பட்டியல்) வைத்துக்கொண்டு பெரும்பாலும் பூட்டே இல்லாமல் கொடுத்துவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மெமரியும் மிஞ்சவில்லை, உச்சத்துக்கென்று வாங்கிவைத்ததை என் கோடு திருப்பித் தரவேயில்லை.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்லாப்டாப் (கர்னல் மெமரியை எந்த அளவுத் துண்டுகள் தின்கின்றன என்று காட்டும் கமாண்ட்) ஓட்டினேன். கே-மாலாக்-1கே வரி உப்பிக் கிடந்தது. எங்கள் ஸ்ட்ரக்ட் 520 பைட். கே-மாலாக்கில் 512க்கு அடுத்த அளவு 1024தான். 8 பைட் எகிறியதற்கு ஒவ்வொன்றும் முழு 1024ஐ விழுங்கியது. 40,000க்கு 20 எம்பி வெறும் காற்று. ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பைக் காட்டும் பாஹோல் கருவி காட்டிக் கொடுத்தது: பாயின்டர்களுக்கு நடுவே தனித்தனியாக இரண்டு ஒரு பைட் ஃபிளாக், ஒவ்வொன்றின் பின்னாலும் 7 பைட் ஓட்டை (அடுத்த பாயின்டர் சீரான இடத்தில் தொடங்க விடப்பட்ட காலியிடம்). இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 512.

'தனி கேஷ் போட்டிருக்கலாமே' என்று சொல்ல வருபவர்களுக்கு: போட்டிருக்கலாம், அது கர்னலிடமே கேட்டு வாங்கும், நம் ஸ்ட்ரக்ட் அளவுக்கே வெட்டிய கிடங்கு; 32 கேபி ஸ்லாபில் (கர்னல் மொத்தமாக எடுத்து வெட்டும் மெமரித் துண்டு) 32க்குப் பதில் 63 அடங்கியிருக்கும். ஒரே வகைப் பொருளுக்குத் தனி கேஷ் என்பதை ஸ்லாப் முறையை உருவாக்கிய ஜெஃப் பான்விக் 1994இலேயே எழுதிவைத்துவிட்டார். அதுவும் சொந்த அலொகேட்டர் வேண்டாம் என்றுதானே சொல்கிறது? லினக்ஸே மூன்று அலொகேட்டர் வைத்துச் சமாளிக்க முடியாமல், 2024இல் வந்த 6.8 வெர்ஷனுக்குள் இரண்டைக் கழற்றிவிட்டது. அப்புறம், எல்லா ஓட்டையும் வீண் என்று நான் சொல்லவில்லை. இரண்டு சிபியூ எழுதும் ஃபீல்டுகள் ஒரே கேஷ் லைனில் (சிபியூ ஒரே மூச்சில் எடுக்கும் மெமரித் துண்டு) விழாமலிருக்க வேண்டுமென்றே விட்டவையும் உண்டு.

வேலைக்கே ஆகாத அந்த அலொகேட்டருக்கு மீட்டிங்கில் கைத்தட்டல். பெட்டியைக் காப்பாற்றிய இரண்டு வரி பேட்சுக்கு அப்ரைசலில் 'மைனர் கிளீனப்'. அதே வருஷம் டாஷ்போர்டுக்கு நிறம் மாற்றியவருக்குப் புரமோஷன். சரி, அதை விடுங்கள்.

ரூட்டாக ஸ்லாப்டாப் ஓட்டி, முதல் ஐந்து வரியையும் உங்கள் ஸ்ட்ரக்டின் சைஸையும் கேள்வியில் சேருங்கள், பார்க்கிறேன்.