47ஆம் பக்கத்தில் நிற்கும் பாட்டி

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 36 வயது. மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் இருக்கிறோம். ஃபோர்ட் பக்கம் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர், எட்டாவது படிக்கும் மகன். பிறந்து வளர்ந்தது தாராவி. ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, அதற்கப்புறம் ஆங்கில வழி.

வீட்டில் சண்டை இல்லை, கடன் தொல்லை இல்லை. எழுத முடியவில்லை, அவ்வளவுதான். இதற்கெல்லாமா ஒரு ஆலோசகருக்குக் கடிதம் எழுதுவார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். மூன்று வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காலை லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில் என்னோடு ஒரு அக்கா வருவார். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. என் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து "இன்னைக்கு என்ன கதை?" என்பார். டோம்பிவிலியிலேயே கிளம்பும் வண்டி என்பதால் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். தானே ஸ்டேஷன் வருவதற்குள் ஆரம்பித்து தாதரில் கதையை முடிப்பேன். நடுவில் கூட்டம் ஏறி நெருக்கினாலும் அவர் விட மாட்டார், "ம், அப்புறம்?" என்பார். 2017இல் அவருக்குப் புனேவுக்கு மாற்றலாகிவிட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அப்போதுதான் புத்தகங்களைப் பற்றி ஒரு வலைப்பூ தொடங்கினேன்.

நன்றாகத்தான் போனது. வாரத்துக்கு இரண்டு பதிவு கூட எழுதியிருக்கிறேன். இதுவரை 212 பதிவுகள். ஒரு முறை ஓர் எழுத்தாளர் என் பதிவைப் பகிர்ந்தார், ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். அன்று ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை. பிறகு பதிப்பகங்கள் இலவசமாகப் புத்தகம் அனுப்பத் தொடங்கின. இப்போது பீரோ மேல் 23 புத்தகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நான் எழுதித் தர வேண்டும். அந்தப் பக்கம் பார்க்காமலேயே துணி எடுக்கப் பழகிவிட்டேன். கடைசிப் பதிவைப் படித்தவர்கள் 41 பேர். அதை எழுதி ஆறு மாதம் ஆகிறது. ஆனால் எதுவும் எழுதாமலேயே அந்தப் பார்வையாளர் கணக்குப் பக்கத்தை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது திறந்து பார்க்கிறேன். முப்பது நொடி ரீல்ஸில் அட்டையைக் காட்டி "செம புக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும் பையன்களுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது.

இன்னொரு விஷயம். 2020 ஊரடங்கில் ஒரு நாவல் ஆரம்பித்தேன். என் பாட்டியைப் பற்றியது. தாராவியில் விடிகாலை இட்லி அவித்து விற்றவர். 47 பக்கம் வந்தது. அங்கே ஒருவன் பாட்டியிடம் கடனுக்கு இட்லி கேட்கிறான். பாட்டி நிஜத்தில் "உதார் கிடையாது!" என்றுதான் கத்துவார். இந்தியில் உதார் என்றால் கடன். தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்கு உதார் என்றால் வெட்டி வீறாப்பு. "கடன் கிடையாது" என்று மாற்றினால் பாட்டி பேசுவது போலவே இல்லை. இதில் மாட்டிக்கொண்டு நின்றதுதான். என் தமிழே இப்படிக் கலப்படம், ஒற்றுப் பிழை வேறு. நாஞ்சில் நாடன் இதே மும்பையில் வேலை பார்த்துக்கொண்டேதானே எழுதினார், முதல் நாவல் 1977இலேயே வந்துவிட்டது. எனக்கு மட்டும் என்ன கேடு?

போன வருஷக் கடைசியில் ஒரு நாவலைப் பற்றிச் சுமார் என்று எழுதினேன். எழுதியவர் தனிச் செய்தியில், "நீங்கள் ஒரு கதையாவது எழுதிக் காட்டிவிட்டுப் பேசுங்கள்" என்றார். அது பெரிய விஷயம் இல்லை.

தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கிறது. ராத்திரி மகனோடு கேரம் ஆடுகிறேன், ஜெயிக்கவும் செய்கிறேன். கணவர் "இவ்வளவு டென்ஷன்னா விட்டுடேன்" என்கிறார். நான் சோம்பேறியா? திறமை இல்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடலாமா? ஊக்கம் வற்றாமல் இருக்க ஏதாவது வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், டோம்பிவிலி


அன்புள்ள டோம்பிவிலி வாசகிக்கு,

உங்கள் பிரச்சினையைப் படித்துச் சிரிக்கவில்லை. ஓர் இடத்தில் மட்டும் சிரித்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிடித்த காரியத்தில் நாட்டம் போவது மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். எழுத்தில் மட்டுமல்லாமல் எல்லாவற்றிலும் ருசி போய், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நீங்கள் கேரமில் மகனை ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள். அடைப்பு ஒரே ஒரு குழாயில்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். நிலைமை மாறினால் இந்தப் பத்திக்குத் திரும்பி வாருங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். 212, 640, 23, 41. எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறீர்கள். அந்த எழுத்தாளர் அனுப்பிய செய்திக்கு மட்டும் இரண்டு வரி. அதோடு "அது பெரிய விஷயம் இல்லை" என்று ஒரு முத்திரை. என்னிடம் நேரில் வருகிறவர்களும் இப்படித்தான். முக்கால் மணி நேரம் மாமியாரைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்து போகும்போது கதவருகில் நின்று "அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு, அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்பார்கள். போன வருஷக் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. ஆறு மாதமாகப் பதிவு இல்லை. மாதங்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் பீரோ மேல் இருப்பவை.

1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு நடந்தது. மார்க் லெப்பரும் இன்னும் இருவரும் செய்தது. வண்ண ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் "படம் போட்டால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், போட்டு முடித்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் கேட்காத விளையாட்டு நேரத்தில் பேனாக்களை மேஜையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காகப் போட்ட பிள்ளைகள், மற்ற இரண்டு கூட்டத்தாரும் படம் போட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். ஆசையாகச் செய்ததைக் கூலிக்குச் செய்ததாக மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. கூலி நின்றால் வேலையும் நிற்கிறது.

அக்காவுக்குக் கதை சொன்னபோது உங்களுக்குக் கிடைத்த கூலி "ம், அப்புறம்?" மட்டும். பிறகு இலவசப் புத்தகமும் பார்வையாளர் எண்ணிக்கையும் வந்தன. இரண்டும் சான்றிதழ்கள்தான். இலவசம் என்று சொல்கிறோமே தவிர, ஒவ்வொன்றும் ஒரு கடன் சீட்டு. உங்களுக்குக் கடன் தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், பீரோ மேல் 23 இருக்கிறது.

ஆகவே இந்த வாரமே பதிப்பகங்களுக்கு நாலு வரி எழுதிவிடுங்கள்: "ஆறு மாதத்துக்குப் புத்தகம் அனுப்ப வேண்டாம். அனுப்பியவற்றில் எதைப் பற்றி எழுதத் தோன்றுகிறதோ அதை எழுதுவேன்." கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படாதீர்கள், அவர்கள் பட்டியலில் உங்கள் பெயரோடு இன்னும் பல பெயர்கள் இருக்கும். அந்த 23இல் கையில் எடுத்ததும் உட்கார்ந்து படிக்கத் தோன்றும் மூன்றை வைத்துக்கொண்டு, மிச்சத்தை உங்கள் பகுதித் தமிழ் மன்றத்துக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். பார்வையாளர் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள். பத்து முறை திறந்தால் ஒரு முறையாவது எண் கூடியிருக்குமோ என்கிற நப்பாசைதான் கையை அங்கே இழுக்கிறது. லாட்டரி சீட்டு வாங்கவைப்பதும் அதே நப்பாசைதான். 41ஐப் பற்றி ஒன்றே ஒன்று: இன்றைக்குத் தமிழில் எத்தனையோ நூல்கள் சில நூறு பிரதிதான் அச்சாகின்றன. ஒரு புத்தகத்தைப் பற்றிக் கேட்க 41 பேர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்கார வைக்க இடம் இருக்காது.

வலைப்பூவைத் தொடர்வதா என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன், அட்டவணை எதுவும் வேண்டாம். ஒரு புத்தகத்தை மூடியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தால் முதலில் புனேவுக்குப் போன் போடுங்கள். அந்த அக்கா இன்னும் கேட்பார் என்றுதான் நினைக்கிறேன். சொல்லி முடித்தும் மிச்சம் இருந்தால் அதுதான் பதிவு.

இப்போது அந்த இரண்டு வரி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பழமொழி சொல்வோம். அந்த எழுத்தாளர் உங்களிடம் சொன்னது அதைத்தான். சமையல் தெரிந்தவர்தான் உப்புக் குறைவு என்று சொல்லலாம் என்பது எனக்கு எப்போதும் புரியாத வாதம். தமிழில் விமர்சனம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் க.நா.சு. நாவல்களும் எழுதியவர்தான். அதனால் அவருக்குத் திட்டு குறைந்ததாகத் தெரியவில்லை. அவர் கதை எழுதாதவராக இருந்தாலும் ஒரு நாவலைச் சுமார் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்திருக்கும். உங்களுக்கும் இருக்கிறது.

உங்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் உறைத்தது? அவர் சொன்னதை அதற்கு முன்பே நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். 47 பக்கத்தில் நாவல் நின்றது. பதிவுகள் மட்டும் 212 வரை போயின. அடுத்தவர் எழுதி முடித்ததைப் பற்றி எழுதுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அது ஏற்கெனவே முழுசாகக் கையில் இருக்கிறது, நாம் அபிப்பிராயம் சொன்னால் போதும். நம்முடையது அரைகுறையாக, அசடு வழிந்துகொண்டு நிற்கும். அதைச் சகித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். அது வேறு வேலை. நீங்கள் அந்த வேலைக்கு உள்ளே இருக்கும் விமர்சகியையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். ஒவ்வொரு வரிக்கும் அவர் மதிப்பெண் போடுகிறார், ஒற்றுப் பிழையை வட்டமிடுகிறார். பிழை திருத்த ஆள் கிடைப்பார்கள், பெயர் பெற்ற எழுத்தாளர்களுக்கே திருத்திக் கொடுக்கிறார்கள். உங்கள் பாட்டி பேசியதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் சிரித்தது உதாரில். அந்த ஒரு சொல்லை எழுதும்போது உங்கள் கடிதத்தின் குரலே மாறிவிட்டது. அதுவரை புலம்பிக்கொண்டிருந்தவர், பாட்டி வந்ததும் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடன் கேட்டு வந்தவனிடம் ஒரு தமிழ்க் கிழவி இந்திச் சொல்லில் கத்துகிறார், அதே சொல்லுக்குத் தமிழ்நாட்டில் வீறாப்பு என்று பொருள். அவர் கத்தியதில் வீறாப்பும் இருந்திருக்கும்தானே? அடிக்குறிப்புக்கூட வேண்டாம், இட்லிக்குக் காசு இல்லாமல் நிற்கிறவனைக் காட்டினால் வாசகர் புரிந்துகொள்வார். (இலக்கிய யோசனை சொல்வது என் வேலை இல்லை. மன்னியுங்கள், சும்மா இருக்க முடியவில்லை.)

காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்கிறது என்கிறீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், போன் வேண்டாம். "இன்றிலிருந்து தினமும் எழுதுவேன்" என்ற சபதம் பெரும்பாலும் மூன்றாம் நாள் நொண்டும். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று இடத்தோடும் நேரத்தோடும் முடிச்சுப் போட்டால் நிறைவேறும் வாய்ப்பு கூடுகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதை விளக்கி எழுதினார், அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே காட்டின. உங்களுக்கான முடிச்சு: தானே ஸ்டேஷன் வந்ததும் நோட்டைத் திறப்பேன், காட்கோபரில் மூடுவேன். இருபது நிமிடம் சொச்சம். வண்டி ஆட்டத்தில் கையெழுத்து கோணும். கோணட்டும், விமர்சகியால் படிக்க முடியாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட வேண்டாம், அது ஆபீஸ் பழக்கம். காட்கோபருக்குப் பிறகு சயான் வரும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள், அந்தப் பக்கம்தானே உங்கள் பழைய தெரு.

சோம்பேறியா என்று கேட்டீர்கள். தினமும் டோம்பிவிலியிலிருந்து ஃபோர்ட் வரை போய்த் திரும்புகிற யாரையும் நான் சோம்பேறி என்று சொன்னதில்லை. திறமை இருக்கிறதா என்பதற்கு இரண்டு பக்கக் கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், 47 பக்கத்தை வைத்து நீங்களும் சொல்ல வேண்டாம். உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் விட்டுவிடச் சொல்கிறார். 23 புத்தகத்தை அவர் கையாலேயே இறக்கச் சொல்லுங்கள், டென்ஷனில் பாதி அதோடு போய்விடும்.

மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை பக்கம் ஆயிற்று என்று எழுத வேண்டாம். உதார் கிடையாது என்று கத்திய பிறகு பாட்டி அவனுக்கு இட்லி கொடுத்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்