மண் தடப் பந்தயக் காரில் வலது பின் டயர் மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது?

இந்த அளவு வித்தியாசத்துக்கு ஸ்டேகர் என்று பெயர். அமெரிக்க நீள்வட்ட மண் தடங்களில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பும். அப்போது வலது சக்கரம் ஓட வேண்டிய தூரம் அதிகம்.

நாம் காட்பாடி ரோட்டில் ஓட்டும் கார்களில் இதைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் உண்டு; இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு அது. பல சிறிய பந்தய வண்டிகளில் டிஃபரன்ஷியல் கிடையாது; இரண்டு பின் சக்கரமும் ஒரே அச்சில் இறுகி ஒன்றாகவே சுழலும். அதனால் வலது டயரின் சுற்றளவைக் கூட்டிவிடுகிறார்கள். டீக்கடைக் கண்ணாடி கிளாஸைப் படுக்கவைத்து உருட்டுங்கள் (கடைக்காரர் பார்க்காதபோது): நேரே போகாது, குறுகிய அடிப்பக்கம் நோக்கி வளையும். அதே கணக்குதான்.

காற்றழுத்தம் மாறினால் சுற்றளவும் சற்று மாறும். காற்றைச் சரிபார்த்த பிறகே டேப் பிடித்து அளக்க வேண்டும்.

வித்தியாசம் கூடக்கூட வேகமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அளவு மீறினால் நேர்த்தடத்திலும் கார் இடப்பக்கம் இழுத்து, டயர் உரசி, வேகம் குறையும்.